வாய் உள்ளே பார்த்த மூட்டைகள்

இரும்புக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை வால் ஒருமுறை படித்தான். நம்ப முடியாமல் இன்னொரு முறை படித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம், இந்த அம்மா யாரையாவது கொன்னுட்டாங்களா?" என்று கேட்டான்.

"மக்காச்சோளம் வாங்கிட்டாங்களாம்," என்றார் மேடம்.

"சும்மா சொல்லாதீங்க. கொலைக்கே ஒரு தடவைதான் தண்டனை. இதுல தனித்தனியா, தனித்தனியான்னு போட்டிருக்கே."

நோட்டீஸ் அப்படித்தான் இருந்தது. அரசின் வியாபாரி உரிமம் இல்லாமல் விவசாயிகளிடம் நேரடியாகத் தானியம் வாங்கிய குற்றத்துக்காக இந்தத் தீவன மில்லுக்குச் சீல் வைக்கப்படுகிறது. சரக்கு பறிமுதல். அபராதம் உண்டு, சிறையும் உண்டு. எத்தனை விவசாயிகளிடம் வாங்கினாரோ அத்தனை குற்றம், அத்தனை தண்டனை, தனித்தனியாக. சட்டத்தை எழுதியவருக்குப் பெருக்கல் நன்றாக வரும் என்று தெரிந்தது. கடைசியில், போனால் போகிறதென்று ஒரு கருணை: பறிமுதலான தானியத்தை அரசுக் கிடங்கு எடுத்துக்கொண்டு, ஏமாற்றப்பட்ட விவசாயிகளுக்கு அரசு விலையைக் கொடுத்துவிடும். விசாரணை இன்று பிற்பகல்.

"ஏமாந்தவங்களுக்கு அரசு விலையா? நான் எத்தனை தடவை ஏமாந்திருக்கேன், ஒருத்தனும் கிடங்கைத் திறக்கலையே," என்றான் வால்.

அவனுக்கு வேறு பெயர் இருந்தது. எப்போதும் யாராவது ஒருவரைப் பின்தொடர்ந்து போகும் வேலை என்பதால் வால் என்று ஆனது. அவன் பேச்சைக் கேட்டவர்கள் அதற்கு வேறு காரணமும் சொன்னார்கள். மேடத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. எல்லாருக்கும் அவர் மேடம்தான். பல வருடம் தீ விபத்து இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எந்தக் கிடங்கு தானாக எரிந்தது, எது முதலாளியின் கவலை தாங்காமல் எரிந்தது என்று சாம்பலைக் கிளறியே சொல்லிவிடுவார். சொன்னதை அப்படியே எழுதியும் கொடுப்பார். அதனால் கம்பெனி அவருக்குச் சீக்கிரமே ஓய்வு கொடுத்தது. இப்போது ஒரு தையல் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார்.

கதவுக்கு வெளியே கவிழ்த்துப் போட்ட தகர டிரம்மின் மேல் மில்லின் சொந்தக்காரி உட்கார்ந்திருந்தாள். ஊரில் அவளைத் தீவனக்காரி என்பார்கள். ஐம்பது வயதுக்காரி. கைத்தடி போல நிமிர்ந்த முதுகு. அவள் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றவர் அவளுடைய அண்ணன். ஊர்ப்புறத்தில் விவசாயம் பார்ப்பவர்.

"அழாத பாப்பா," என்றார் அண்ணன்.

பாப்பா அழவில்லை. அவள் கண்ணில் இருந்ததைக் கண்ணீர் என்று சொல்லக் கூடாது. அந்தப் பார்வை பட்டால் சீல் வைத்த மெழுகே உருகியிருக்கும். கண்கலங்கி நின்றது அண்ணன்தான்.

"நான் வாங்கலை மேடம்," என்றாள் அவள். "தீவனம் அரைக்க லைசென்ஸ் இருக்கு. அரைச்சதை விக்க லைசென்ஸ் இருக்கு. சோளத்தை மட்டும் லைசென்ஸ் இருக்கற வியாபாரிகிட்டதான் வாங்கணும். இந்த வட்டாரத்துக்கே லைசென்ஸ் ஒருத்தர்கிட்டதான். அதோ உக்காந்திருக்காரே, அவர்கிட்ட."

எதிர் வரிசையில் கமிஷன் கடை முதலாளி நாற்காலியில் சாய்ந்திருந்தார். தன்னைக் காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும், நாடகத்துக்கு இலவச டிக்கெட் கிடைத்தவர் போலக் கையை ஆட்டினார்.

"அவர் விவசாயிகிட்ட அடிமாட்டு விலைக்கு வாங்கி, எனக்கு ஆனை விலைக்கு விப்பாரு. இருந்தாலும் நான் அவர்கிட்டதான் வாங்கறேன். சட்டம்னா சட்டம்."

"அப்போ உள்ள இருக்கற மூட்டை?"

"எனக்குத் தெரியாது. பொண்ணுக்குக் குடல்வால் ஆபரேஷன். மில்லைப் பூட்டிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். திரும்பி வந்தா வாசல்ல ஆபீசர் நிக்கறாரு. பின்பக்கக் கொட்டகையில மூட்டை மூட்டையா சோளம் இருக்காம். நான் வாங்கிட்டுக் காசு குடுக்கலைன்னு ஊர்க்காரங்க புகார் எழுதியிருக்காங்க. அந்தக் கொட்டகைக்குப் பூட்டே கிடையாது. உடைஞ்ச மெஷினும் எலியும்தான் இருந்துச்சு."

"அபராதம்தானே பாப்பா," என்று அண்ணன் அவள் தோளைத் தொட்டார். "எவ்வளவு போட்டாலும் நான் கட்டறேன். நீ கவலைப்படாத."

"அபராதம் மட்டும் இல்லைங்க," என்று மேடம் நோட்டீஸைக் காட்டினார். "ஜெயிலும் இருக்கு. புகார் குடுத்தவங்க எத்தனை பேரோ அத்தனை தடவை. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது."

அண்ணனின் கை சாய்ந்தது. பாட்டிலிலிருந்து தண்ணீர் அவர் செருப்பில் கொட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவும் இல்லை.

பாசம் என்றால் இதுதான் என்று வால் நினைத்துக்கொண்டான். அவனுக்கும் ஒரு அக்கா உண்டு. அவளை ஜெயிலில் போட்டால் அவன் முதலில் ஜெயிலருக்குத்தான் ஆறுதல் சொல்வான்.

பின்பக்கக் கொட்டகைக்கு ஒரு காவலாளி போட்டிருந்தார்கள். அவர் கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"சீல் வெச்ச கதவு. யாரும் கிட்ட வரக் கூடாது."

"கதவை யாரு கேட்டா?" என்றான் வால். "நாங்க ஜன்னலுக்கு வந்தோம். ஜன்னலுக்கு சீல் வெச்சீங்களா?"

காவலாளி திரும்பி ஜன்னலைப் பார்த்தார். கம்பி வலை மட்டும் இருந்தது. அதைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. ஒதுங்கிக்கொண்டார்.

வலையில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்த வால், பேச வந்ததை மறந்தான். மேலே ஓட்டுச் சந்தில் இறங்கிய வெயில் நடுவில் விழுந்து, அங்கே நின்ற மூட்டை அடுக்கின் மேல் தூசியை மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஒரு மூட்டைகூடப் பிதுங்கவில்லை. கயிறு பிடித்துக் கட்டிய சுவர் போல விளிம்பு நேராக ஏறி, உச்சியில் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. உடைந்த மெஷினுக்கும் எலிகளுக்கும் நடுவில் யாரோ ஒரு அரண்மனையைத் தவறிப் போட்டுவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

"என்ன தெரியுது?" என்று பக்கத்தில் எட்டிப் பார்த்த மேடம் கேட்டார்.

"அழகா இருக்கு மேடம். பத்திரிகை அடிச்சு கிரகப்பிரவேசம் வெக்கலாம்."

"இப்போ முன்பக்கம் வா."

மில்லின் முன்கூடத்திலும் ஒரு ஜன்னல் இருந்தது. அங்கே தீவனக்காரியின் சொந்த மூட்டைகள் கிடந்தன. கிடந்தன என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது, ஒன்று அதன் மடியில் விழுந்திருந்தது, இன்னொன்று வாய் திறந்து தரையில் கக்கியிருந்தது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் உறவுக்காரர்கள் படுத்திருப்பார்களே, அப்படி.

"என் மில்லுல மூட்டை விழாம நின்னாலே அதிசயம் மேடம்," என்றாள் தீவனக்காரி, கொஞ்சம் கோபமாக. "அரைக்கவே நேரம் இல்லை, அடுக்கறதுக்கு எங்க போறது?"

"ஆபீசர் என்ன எழுதியிருக்காரு தெரியுமா?" என்றார் மேடம். "சரக்கை இவ்வளவு நேர்த்தியா அடுக்கியிருக்கறதால, இவங்க ரொம்ப நாளா திருட்டு வியாபாரம் பண்ற பழுத்த வியாபாரின்னு. நேர்த்திக்காகவே தண்டனை ஏறுது."

"அப்போ நான் வாழ்க்கையில ஜெயிலுக்குப் போகவே மாட்டேன்," என்றான் வால். அவனுடைய அறையைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

மேடம் கைப்பையிலிருந்து மூக்குப்பொடி டப்பா அளவில் ஒரு மிட்டாய் டப்பாவை எடுத்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.

"மூட்டைக்கு அடியில மரக்கட்டை பரப்பியிருக்கு. ஈரம் ஏறாம இருக்க. சுவத்துக்கும் அடுக்குக்கும் நடுவுல ஒரு ஆள் நடக்கற சந்து விட்டிருக்கு. காத்து போக. எல்லா மூட்டைக்கும் வாய் உள்பக்கம். யாராவது தையலைப் பிரிச்சு அள்ளாம இருக்க. வால், ராத்திரியோட ராத்திரியா ஒருத்தி மேல பழி போட மூட்டையைக் கொண்டாந்து போடறவன் என்ன பண்ணுவான்?"

"போட்டுட்டு ஓடுவான்."

"இவன் ஓடலை. நின்னு கட்டை பரப்பினான். சோளத்துக்கு ஈரம் ஏறக் கூடாதுன்னு கவலைப்பட்டான். பொய்ச்சாட்சிதான், ஆனா கெட்டுப் போகாத பொய்ச்சாட்சி. எரிஞ்ச கிடங்குல கரியாப் போன அட்டி நிறைய பாத்திருக்கேன். அட்டின்னா இந்த அடுக்குதான், அந்தத் தொழில்ல அப்படித்தான் சொல்வாங்க. இப்படி அட்டி கட்ட ஊருக்கு ஒருத்தன்தான் இருப்பான். அவனால கோணலா கட்டவே முடியாது. கட்டினா தூக்கம் வராது."

வால் எதிர் வரிசையைப் பார்த்தான். "ஊருக்கு ஒருத்தன்னா, அவன் யாருகிட்ட வேலை பாப்பான்? ஒரே கமிஷன் கடைகிட்ட. முதலாளிதான் மேடம். மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

"மூஞ்சிக்குத் தண்டனை குடுக்க இன்னும் சட்டம் வரலை. முதல்ல அட்டிக்காரனைப் பிடி."

"எப்படிப் பிடிக்கறது? நான்தான் கட்டினேன்னு கையைத் தூக்குவானா?"

"தூக்க வை. எடைமேடைக்குப் போ. லோடுமேன்கள் அங்கதான் இருப்பாங்க. அந்த அட்டியைப் பத்தி எவ்வளவு கேவலமா பேச முடியுமோ பேசு."

வால் மேடத்தை நன்றியோடு பார்த்தான். "இத்தனை வருஷத்துல முதல் தடவையா என் படிப்புக்கு ஏத்த வேலை குடுக்கறீங்க."

எடைமேடையை ஒட்டிய தகரக் கூரைக்குக் கீழே லோடுமேன்கள் லாரிக்குக் காத்திருந்தார்கள். சிலர் சும்மாட்டுத் துணியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். வால் ஒரு டீ வாங்கிக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்தான். யாரையும் பார்க்காமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி டீக்காரரிடம் சொன்னான்:

"தீவன மில்லுல நடந்தது தெரியுமாண்ணே? பின்கொட்டகை அட்டி சரிஞ்சு போச்சாம்."

டீக்காரர், "அப்படியா?" என்றார்.

"பொலபொலன்னு. காவலுக்கு நின்ன ஆளு காலே போயிருக்கும், தப்பிச்சாரு. பாவம், எவனோ கத்துக்குட்டி கட்டியிருக்கான். குறுக்கு வரிசை போடத் தெரியாதவனை எல்லாம் வேலைக்கு வெச்சா இப்படித்தான்."

கூரைக்குக் கீழே பேச்சு நின்றது. படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். யாரும் வாலைப் பார்க்கவில்லை. எல்லாரும் தூணோரமாக உட்கார்ந்திருந்த ஒரு ஆளையே பார்த்தார்கள். அகலமான ஆள், கழுத்து என்ற ஒன்றை ஆண்டவன் அவருக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டிருந்தான். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். ஊதுவது மட்டும் கொஞ்சம் வேகமாகியிருந்தது.

வால் இன்னும் ஒரு படி ஏறினான். "அதுவும் மூட்டை வாயெல்லாம் வெளிப்பக்கமா இருந்துச்சாம். அட்டியா அது? எங்க வீட்டு அழுக்குத்துணி அதைவிட ஒழுங்கா இருக்கும்."

"எவன்டா சொன்னது?"

அந்த உடம்புக்கு அவ்வளவு மெல்லிய குரலை வால் எதிர்பார்க்கவில்லை. புல்லாங்குழலை ஊதியது மாதிரி இருந்தது. ஆள் எழுந்துவிட்டார்.

"வாய் வெளிப்பக்கமா? நான் கட்டின அட்டியில வாய் வெளிப்பக்கமா? வெள்ளம் வந்து கிடங்கு சுவரு போச்சு, என் அட்டி நின்னுச்சு! கேட்டுப் பாரு இவனுங்களை!"

"நின்னுச்சு," என்றார்கள் இரண்டு மூன்று பேர், பயபக்தியோடு.

"மேஸ்திரி, நீங்க கட்டினதா அது?" வால் வாயைப் பொத்திக்கொண்டான். "தெரியாம பேசிட்டேன். ஆனா நீங்க கட்டியிருந்தா எப்படிச் சரியும்?"

"அதானே கேக்கறேன்! எப்படிச் சரியும்?"

"ஒருவேளை முதலாளி மட்டமான கட்டை குடுத்திருப்பாரு. கமிஷன் கடைக்காரரு கைதான் தெரியுமே."

மேஸ்திரி காறித் துப்பினார். "அந்தாளு கட்டை குடுப்பானா? சவப்பெட்டிக்குக்கூட பலகையை வாடகைக்குத்தான் விடுவான். கட்டை எல்லாம் அந்த அண்ணன் கொண்டாந்தது. நல்ல காஞ்ச கட்டை."

வாலின் டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. "எந்த அண்ணன்?"

"அந்த மில்லுக்காரம்மாவோட அண்ணன்தான். பொண்ணுக்கு உடம்பு சரியில்லை, தங்கச்சி ஆஸ்பத்திரியில இருக்கு, நம்ம ஊரு சோளத்தைக் கொஞ்ச நாள் இங்க வெக்கணும்னாரு. டிராக்டர் டிராக்டரா வந்துச்சு. நனையாம பாத்து அடுக்குங்க மேஸ்திரி, அரசாங்கம் எடுத்துக்கப் போற சரக்குன்னு நூறு தடவை சொன்னாரு."

வால் எழுந்தான். காசு வைத்தான். போகும்போது மனசாட்சி உறுத்தவே திரும்பி, "மேஸ்திரி, அட்டி சரியலை. நான் பாத்தேன். அரண்மனை மாதிரி நிக்குது," என்றான்.

"தெரியும்," என்றார் மேஸ்திரி, மறுபடி உட்கார்ந்துகொண்டு.

விசாரணை அலுவலகத்தின் நடைவழியில் பெஞ்சு ஒன்று போட்டிருந்தார்கள். நியாயம் கேட்டு வந்தவர்கள் சீக்கிரம் எழுந்து போக வேண்டும் என்பதற்காகவே செய்த பெஞ்சு. ஒரு கால் குட்டை. அதில் தீவனக்காரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரோரம் புகார் கொடுத்த ஊர்க்காரர்கள் அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனைக் காணோம்.

அவரை மேடம் மாடிப்படி வளைவில் பிடித்து வைத்திருந்தார். வால் மூச்சிரைக்க வந்து விஷயத்தைச் சொன்னபோது மேடம் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"ஜெயில்னு சொன்னதும் இவரு செருப்புக்குத் தண்ணி ஊத்தினாரே. அப்பவே சந்தேகம்."

"நான் அதைப் பாசம்னு நினைச்சேன்!"

"பாசமும்தான்," என்றார் மேடம். பிறகு அண்ணனிடம் திரும்பினார். "சொல்லுங்க. உங்க வாயாலயே சொல்லிடுங்க."

அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அரசாங்கக் கொள்முதல் நிலையத்துக்குப் போனோம். கிடங்கு நிறைஞ்சிருச்சு, இந்த வருஷம் எடுக்க மாட்டோம்னாங்க. கமிஷன் கடைக்குப் போனா, அந்தாளு சொன்ன விலைக்குத் தீயில போட்டுக் குளிர் காயலாம். பாப்பாகிட்ட கேட்டேன். நீ வாங்கிக்க, யாரு பாக்கப் போறான்னேன். லைசென்ஸ் இல்லாம வாங்க மாட்டேன், நீ அண்ணனா இருந்தா என்ன, ஆண்டவனா இருந்தா என்னன்னுட்டா." அந்தக் கவலையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. "அப்பதான் கொள்முதல் நிலையத்து போர்டைப் பாத்தோம். லைசென்ஸ் இல்லாதவங்க கிட்ட வித்து ஏமாந்தா, பறிமுதல் பண்ணின சரக்குக்கு அரசாங்கமே முழு விலை குடுக்கும்னு."

"அதாவது," என்றான் வால், "நேரே போனா எடுக்க மாட்டாங்க. ஏமாந்து போனா எடுத்துப்பாங்க. அதனால ஏமாத்தறதுக்கு ஒரு ஆளைத் தேடினீங்க. வெளிய தேட மனசு வரலை."

"அவ நல்லா இருக்கணும்னுதான் அவளைத் தேடினேன் தம்பி! வேற யாரையாவது மாட்டிவிட்டா பாவம் இல்லையா? அவளுக்குன்னா வர்ற காசுல அபராதத்தை நாங்களே கட்டிட்டு, புடவையும் எடுத்துக் குடுத்து, விஷயத்தைச் சொல்லிக் கால்ல விழுந்துடலாம்னு இருந்தோம். ஜெயில்னு அந்த போர்டுல இல்லையே!"

"போர்டுல விவசாயிக்கு என்ன கிடைக்கும்னுதான் போட்டிருப்பாங்க," என்றார் மேடம். "வாங்கினவங்களுக்கு என்ன ஆகும்னு அவங்க வீட்டுக் கதவுல ஒட்டுவாங்க. நீங்க பாதிச் சட்டத்தைப் படிச்சு முழுசா ஒரு குற்றம் பண்ணியிருக்கீங்க."

"இப்போ என்ன பண்றது?"

"உள்ள போய் உண்மையைச் சொல்றது."

"சொன்னா பொய்ப் புகார்னு எங்களைப் பிடிப்பாங்களே? எனக்கு மட்டும்னா பரவாயில்லை, ஊர்க்காரங்க எல்லாம் என் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டவங்க. சோளமும் போயிடும். அதை நம்பி உரக்கடையில கடன் வாங்கியிருக்கோம்..."

மேடம் இன்னொரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். படி வளைவிலிருந்து பார்த்தால் குட்டைக் கால் பெஞ்சும், அது ஆடாமல் இருக்கத் தரையில் காலை அழுத்தி ஊன்றியிருந்த தீவனக்காரியும் தெரிந்தார்கள். அண்ணன் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பியூன் அவளைக் கூப்பிட்டார்.

அதிகாரியின் மேஜையில் கண்ணாடி பேப்பர்வெயிட்கள் பல இருந்தன. பறக்கவிருந்த காகிதம் எதுவும் இல்லை, மின்விசிறி ஓடவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"சரக்கைப் பாத்தாலே தெரியுது. எவ்வளவு தேர்ந்த அடுக்கு! இது ஒருநாள் வேலை கிடையாது. ஏம்மா, ஒத்துக்கறீங்களா?"

"மாட்டேன்," என்றாள் தீவனக்காரி.

"இவங்ககிட்ட வித்தவங்க யாரு?"

ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அப்போது அண்ணன் அவர்களை விலக்கிக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"யாரும் விக்கலைங்க."

அதிகாரியின் கை கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தியது. "நீங்க யாரு?"

"இவளோட அண்ணன். அது எங்க ஊர்ச் சோளம். இவளுக்குத் தெரியாம நான்தான் கொட்டகையில கொண்டாந்து வெச்சேன். விக்கவும் இல்லை, அவ வாங்கவும் இல்லை."

"வாங்கிட்டுக் காசு தரலைன்னு புகார் இருக்கே?"

அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை.

"வாங்க மாட்டேன்னுட்டாளேங்கற கோவம்தாங்க புகார். கெஞ்சிக் கேட்டும் லைசென்ஸ் இல்லாம வாங்க மாட்டேன்னு சொன்ன ஒரே ஆளு இந்த வட்டாரத்துலயே இவதான். அவளைத்தான் நீங்க உள்ள போடப் போறீங்க."

தீவனக்காரி அண்ணனைப் பார்த்தாள். காலையில் சீலுக்கும் நோட்டீஸுக்கும் பங்கிட்டுக் கொடுத்த அந்தப் பார்வை முழுவதும் இப்போது ஒரே ஆளுக்குக் கிடைத்தது.

"அப்போ பொய்ப் புகார்," என்றார் அதிகாரி மெதுவாக. "அதுக்குத் தனிச் சட்டம் இருக்கு."

"இருக்கு," என்று மேடம் முதல்முறையாக வாயைத் திறந்தார். "நீங்க அதையும் எழுதலாம். எழுதினா, யாரையும் விசாரிக்காம, மூட்டை அழகா இருக்குங்கறதை வெச்சு மட்டும் ஒரு மில்லுக்கு எப்படிச் சீல் வெச்சீங்கன்னு மேலிடத்துல கேப்பாங்க. நான் அட்டியோட போட்டோவையும் அனுப்பி வெக்கறேன். ரொம்ப அழகா வந்திருக்கு."

மேடம் போட்டோ எதுவும் எடுக்கவில்லை என்பது வாலுக்குத் தெரியும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டான்.

அதிகாரி ஒரு பேப்பர்வெயிட்டை இன்னொன்றின் பக்கத்தில் நகர்த்தினார். பிறகு மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினார். கடைசியில் நியாயம் ஒரு வழியாக வெளியே வந்தது. குடும்பத் தகராறு, புகார் வாபஸ். ஊர்க்காரர்களுக்குக் கண்டிப்பான எச்சரிக்கை. அம்மாவின் மில்லுக்குச் சீல் எடுக்கப்படும். சரக்கு இருட்டுவதற்குள் கொட்டகையை விட்டுப் போயாக வேண்டும். அண்ணன் மட்டும் அரசை ஏமாற்ற முயன்றதால், இந்தச் சாகுபடியிலும் அடுத்த சாகுபடியிலும் அவர் தானியத்தை எந்தக் கொள்முதல் நிலையமும் தொடாது.

"தொட்டாத்தானே," என்று முணுமுணுத்த வாலின் காலை மேடம் மிதித்தார்.

மெழுகை உடைத்துக் கதவைத் திறந்தபோது சாயங்கால வெயில் கொட்டகைக்குள் நீளமாக விழுந்தது. ஊர்க்காரர்கள் டிராக்டர் கொண்டுவரப் போயிருந்தார்கள். அவமானம் தாங்காமல் மெதுவாகத்தான் திரும்புவார்கள் போலிருந்தது. லோடுமேன்களைக் கூப்பிடலாமென்று அண்ணன் சொல்லி வாயை மூடுவதற்குள் தங்கை சொன்னாள்:

"வேண்டாம். நீயே தூக்கு."

விசாரணையில் கிடைக்காத தண்டனை அது. அண்ணன் மேல் வரிசையிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தார். அது வரவில்லை. மேஸ்திரியின் கை அப்படி. இன்னொரு முறை இழுத்து, நெஞ்சில் வாங்கி, தள்ளாடி வாசல்வரை வந்து இறக்கினார். மறுபடி போனார். மூன்றாவது மூட்டையில் அவருக்கு முழங்கால் மடங்கியது. எழுந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்தார். தங்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"கேட்டிருந்தா கொட்டகையைச் சும்மாவே குடுத்திருப்பேன்," என்றாள் அவள். "வெச்சுக்கறதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. அதைக் கேக்கத் தோணலை உனக்கு. என்னைத் திருடியாக்கி எனக்கே புடவை எடுக்கத் தோணியிருக்கு."

"தோணலை பாப்பா," என்றார் அண்ணன். நான்காவது மூட்டையின் காதைப் பிடித்தார்.

எதிர் வரிசையில் கமிஷன் கடை முதலாளி நாற்காலியை வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்று காலையைவிட ஒரு படி குறைந்த விலையை அவர் மனசுக்குள் எழுதி வைத்துவிட்டார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"மேடம், நாம கிளம்பலாமா?" என்றான் வால். அண்ணன், தங்கை, மூட்டை மூன்றையும் ஒன்றாகப் பார்க்க அவனுக்கு என்னவோ போலிருந்தது. மேடம் அசையவில்லை.

நான்காவது மூட்டை பாதி வழியில் அண்ணனின் கையை விட்டு நழுவியது. அது தரையைத் தொடுவதற்குள் மறுமுனையை இரண்டு கைகள் பிடித்தன.

"இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா அண்ணிக்கு யாரு பதில் சொல்றது? தூக்கு," என்றாள் தீவனக்காரி. "உன்மேல கோவம் போகலை. அது வேற."

இருவருமாக மூட்டையை ஆளுக்கொரு முனையில் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்ததும் முதலாளி எழுந்து நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்:

"என்னம்மா, கடைசியில சோளத்தை வாங்கியே விட்டீங்களா? சொல்லுங்க, ஆபீசர் இன்னும் ரொம்ப தூரம் போயிருக்க மாட்டாரு!"

தீவனக்காரி மூட்டையை இறக்கவில்லை. தலையை மட்டும் திருப்பினாள்.

"தூக்கறேன் முதலாளி. தூக்கறதுக்கும் லைசென்ஸ் வேணுமா?"

முதலாளி பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு யோசித்தார். அப்படி ஒரு சட்டம் இருந்தாலும் இருக்கும் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.